துண்டில் ஒட்டிய வெள்ளி

அத்தியாயம் 17

போன வாரம் ரோஜாவைத் தாயில்பட்டி வீட்டுக் கொல்லையில், கையில் ஒரு துண்டோடு நிறுத்திவிட்டுப் போனோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். இதற்குள் உங்களில் பாதிப் பேர் 'முனியராஜ் அப்படிப்பட்டவன் இல்லை' என்று கடிதம் போட்டுவிட்டீர்கள். மீதிப் பேர் 'புருசனை இன்னுமா நம்புகிறாள்' என்று திட்டி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கட்சிக்கும் இன்றைக்குப் பதில் இருக்கிறது.

அது சாதாரண நூல் துண்டு. அவளும் புருசனும் அத்தையும் மாற்றி மாற்றித் துடைக்கிற துண்டு. துவைக்கலாம் என்று எடுத்தபோதுதான் ஓரத்தில் அந்தப் பளபளப்பு தெரிந்தது. கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். விரல் நுனி வெள்ளியாகிவிட்டது.

இந்தப் பக்கத்துக் கைப்பிள்ளைக்குக்கூட அது என்னவென்று தெரியும். மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் வெளிச்சம் கொடுக்கிற அலுமினியப் பவுடர். வெடி ஆபீஸ் என்று இங்கே சொல்கிற பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர்கள் மேலெல்லாம் இதைப் பூசிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். ரோஜாவும் கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருசம் அப்படித் திரும்பியவள்தான்.

ஆனால் இந்த வீட்டில் இனி அது வரக்கூடாது. ரெண்டு வருசத்துக்கு முன்னால் முனியராஜின் அண்ணன் பாண்டிச்செல்வம், லைசென்ஸ் இல்லாத ஒரு பட்டாசு ஷெட் வெடித்ததில் மருந்தோடு மருந்தாகப் போய்ச் சேர்ந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அத்தை சின்னத்தாய் மகனையும் மருமகளையும் கருப்பசாமி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தட்டில் சூடத்தைக் கொளுத்தி, தட்டைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அணைங்க" என்றாள். முதலில் மகன் உள்ளங்கையால் அணைத்தான். மறுபடி கொளுத்தினாள், மருமகள் அணைத்தாள். மருந்து இருக்கிற வாசலை இனி மிதிக்க மாட்டோம் என்று சத்தியம். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

அதற்குப் பிறகு ரோஜா சிவகாசியில் காலண்டர் கம்பெனிக்குப் போனாள். முனியராஜ் அங்கன இங்கன அலைந்து, ரெண்டு மாசத்துக்கு முன்னால்தான் பெயிண்ட் காண்டிராக்டர் மகேஷ்குமாரோடு கடற்கரைப் பக்கம் போனான். தூத்துக்குடியைத் தாண்டிச் சங்குமுனையில் மீன்பிடித் துறைமுகத்தை அரசாங்கம் பெரிதாகக் கட்டுகிறதாம், கோடி கோடியாய்க் கொட்டுகிறதாம், அங்கே வேலையாம். சனிக்கிழமை ராத்திரி வருவான். திங்கட்கிழமை விடியக்காலை முதல் பஸ்ஸில் போய்விடுவான்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. அவன் போய் முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"அத்தை! இங்கன வாங்க. இதைப் பாருங்க."

சின்னத்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள். ஐம்பது தாண்டிய உடம்பு, ஆனால் நடையில் இன்னும் சுறுசுறுப்பு. தங்கப்பாண்டியன் வீட்டு மிளகாய்க் காட்டுக்குக் களையெடுக்கப் போகிறவள். துண்டைப் பார்த்தாள். ரோஜாவின் விரலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"அழுக்கு. குடு, நான் அலசிப் போடுறேன்."

"அழுக்கா? எனக்கா சொல்லுதீக? நான் பாக்காத பவுடரா?"

"ஹார்பர்ல பெயிண்ட் அடிக்கான்ல. அதுவா இருக்கும்."

"துறைமுகத்துக்கு எதுக்கு அத்தை வெள்ளிப் பெயிண்ட்? கப்பலுக்கு நகை செஞ்சு போடுறாகளா?"

"ஏ ரோசா, எம்மகன் சூடத்தை அணைச்சவன். வாயை அலம்பு." சின்னத்தாய் துண்டின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். ரோஜா மறு முனையை விடவில்லை. ரெண்டு பேரும் ஒரு நிமிசம் கிணற்றடியில் சண்டை போடுகிற சின்னப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். கடைசியில் சின்னத்தாய்தான் விட்டாள்.

'மகனை மூடி மறைக்கா' என்று ரோஜாவுக்குப் பட்டது. அம்மாவும் மகனும் கூட்டு. கேணச்சி நான் ஒருத்திதான்.

சந்தேகம் இன்றைக்குப் பிறந்ததில்லை. பகலில் எப்போது கூப்பிட்டாலும் முனியராஜ் ஃபோனை எடுப்பதில்லை. இந்த ஊர்ப் பக்கம் பகலெல்லாம் ஃபோன் எடுக்காத ஆம்பளை எங்கே இருப்பான்? வெடி ஆபீசில்தான் இருப்பான். அங்கேதான் ஃபோனை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள், ஒரு பொறி போதுமே. அடுத்தது, அவன் சட்டையில் மீன் வாடையே அடிக்கவில்லை. வாராவாரம் கருவாடு வாங்கி வருகிறான், சரி. கருவாடு சாத்தூர்ச் சந்தையில் கிடைக்காதா? அப்புறம் அந்த நகக்கண். நேற்றுச் சோறு போடும்போது பார்த்தாள், நகத்தைச் சுற்றி வெள்ளிக் கோடு. கேட்டதற்கு "பெயிண்ட் புள்ள" என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

போதாக்குறைக்கு வீட்டில் வாழைப்பழம் தங்குவதில்லை. மருந்துத் தூசி வயிற்றில் தங்காமல் இருக்க வேலை விட்டதும் வாழைப்பழம் தின்பது வெடி ஆபீஸ்காரர்கள் வழக்கம். வாசலில் தொங்குகிற சீப்பு மூன்று நாளில் காலியாகிறது. கேட்டால் அத்தை தனக்குத்தான் மலச்சிக்கல் என்கிறாள்; மகனுக்கு ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்றே ரோஜா நினைத்தாள்.

காலண்டர் கம்பெனியில் அவளோடு மடிப்பு வேலை பார்க்கிற குருவம்மாள் வேறு எண்ணெய் ஊற்றுவாள். "துறைமுகமா? கவர்மெண்டு கட்டுதா? ஏ அக்கா, நம்ம ஊர்ல ஒரு சாக்கடை கட்ட எத்தனை எலெக்சன் ஆச்சு? இவன் சொல்ற துறைமுகம் பேப்பர்ல இருக்கும், இல்ல இவன் வாயில இருக்கும்."

ரோஜா குருவம்மாளுக்கு ஃபோன் போட்டாள். "இன்னைக்கு நான் வரல. மேஸ்திரி கேட்டா காய்ச்சல்னு சொல்லு." துண்டைச் சுருட்டிக் கட்டைப் பைக்குள் திணித்தாள். முகத்துக்கு நேராக அதை விரித்துக் காட்டினால்தான் அந்த மனுசன் வாயிலிருந்து உண்மை வரும்.

"எங்க போற?" என்றாள் சின்னத்தாய்.

"கடலைப் பாக்கப் போறேன்."

சின்னத்தாய் தடுக்கவில்லை. அதுவும் ரோஜாவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வாசல் வரை வந்தவள், "துண்டை வச்சிட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னாள்.

*

சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி, அப்புறம் ஒரு மினி பஸ். வழியெல்லாம் ரோஜா மனசுக்குள் வசனம் பேசிக்கொண்டே போனாள். அங்கே துறைமுகமே இல்லை என்றால் இப்படித் திட்டுவது. துறைமுகம் இருந்து அவன் இல்லை என்றால் அப்படித் திட்டுவது. அவன் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவளிடம் வசனம் இல்லை.

சங்குமுனையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கடல் இல்லை, லாரி. வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஆனைக்குட்டி அளவுக்குப் பாறைகள். நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். டிஎன் 67. விருதுநகர் லாரி! நம்ம பக்கத்து மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து கடலில் கொட்டுகிறான்களே என்று இருந்தது. அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு போடுகிறார்களாம். கடலுக்குள் கல்லாலேயே ஒரு ரோடு மாதிரி வளைந்து போயிருந்தது.

வாசலில் ஒரு பெரிய போர்டு. படகுத்துறை நீட்டிப்பு, முகத்துவாரம் தூர் வாருதல், ஏலக்கூடம், ஐஸ் பிளான்ட், வலை பின்னும் கூடம் என்று எழுதி, கீழே மதிப்பீடு என்று போட்டு எத்தனையோ சைபர்கள். ரோஜா எண்ண முயன்று பாதியில் விட்டுவிட்டாள். குருவம்மாளை இங்கே கூட்டி வந்து இந்தப் போர்டில் முட்ட வைக்கவேண்டும்.

ஆக, துறைமுகம் நிசம். அவன் நிசமா?

காவலுக்கு நின்றவர் ரிஜிஸ்டரைக்கூடப் புரட்டவில்லை. "முனியராஜா? அப்படிப் பேர்ல இங்க யாருமில்லையேம்மா."

"பெயிண்ட் வேலை. மகேஷ்குமார் காண்டிராக்ட்."

"பெயிண்ட்காரங்க நாலு பேரு இருக்காங்க. முனியராஜ்னு கேள்விப்பட்டதே இல்லை."

நினைத்தது சரிதான் என்று தெரியும்போது சந்தோசம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரோஜாவுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இந்த நேரம் அவன் எந்தக் கருவேலங்காட்டுக்குள், எந்தத் தகர ஷெட்டில் உட்கார்ந்து சல்லடையை ஆட்டிக்கொண்டிருக்கிறானோ! பாண்டிச்செல்வத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது யாரையும் முகம் பார்க்க விடவில்லை. இவனுக்கும் அப்படித்தானா?

"ஏம்மா, எந்தூரு நீ?"

பக்கத்தில் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். கழுத்தில் சிலுவை, கையில் பனையோலை விசிறி.

"தாயில்பட்டி. சிவகாசிப் பக்கம்."

"அட, சிவகாசிக்காரன் பொண்டாட்டியா? அதை மொதல்ல சொல்லவேண்டாமா? இங்க யாருக்கு அவன் பேரு தெரியும். சிவகாசிக்காரன், ராம்நாட்டுக்காரன், பீகார்க்காரன், அவ்வளவுதான். வா." அந்த அம்மா எழுந்தாள். பேர் பிரகாசி. காவல்காரரைப் பார்த்து, "உமக்கு ஊரைக் கேட்கத் தெரியாதா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

புது ஏலக்கூடம் கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. உயரத்தில் இரும்புச் சட்டங்கள், அதற்கும் மேலே தகரக்கூரை.

"மேல பாரு," என்றாள் பிரகாசி.

ரோஜா அண்ணாந்து பார்த்தாள். சாரத்தின் உச்சியில், இடுப்பில் பெல்ட்டும் கயிறுமாக ஒரு ஆள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தான். பிரஷ் போன இடமெல்லாம் இரும்பு வெள்ளியாக மின்னியது.

வெள்ளிப் பெயிண்ட்.

"உப்புக்காத்துல இரும்பு ரெண்டு வருசம் தாங்காது. அதுக்குத்தான் பூசுறான்," என்றாள் பிரகாசி. "ஏ சிவகாசி! உன் வீட்டுக்காரி வந்திருக்கா!"

முனியராஜ் குனிந்து பார்த்தான். பிரஷ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சாரத்திலிருந்து விழுந்தடித்து இறங்கி வந்தான். கீழே வந்தவனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆத்தாவுக்கு என்ன? ரோசா, சொல்லு. ஆத்தாவுக்கு என்ன ஆச்சு?"

நம்ம பக்கத்தில் வேலைத்தலத்துக்கு வீட்டுப் பொம்பளை ஓடி வந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். ரோஜாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணும் ஆகல மச்சான். அத்தை நல்லா இருக்காக. நான்... சும்மா வந்தேன்."

"சும்மாவா? மூணு பஸ் மாறிச் சும்மா வந்தியா?" முனியராஜ் அவள் கண்ணைப் பார்த்தான். மூச்சு வாங்கினான். பிறகு மெதுவாகப் புரிந்துகொண்டான். "என்னைய வேவு பாக்க வந்திருக்க."

ரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சூடத்தை அணைச்சேன்ல புள்ள. உங்கண்ணு முன்னாலதான அணைச்சேன்."

"பகல்ல ஃபோன் எடுக்க மாட்டேங்கீக."

"மேல நிக்கையில ஒரு கை கம்பிக்கு, ஒரு கை பிரஷ்ஷுக்கு. ஃபோனை எந்தக் கையில எடுக்க? அதான் கீழ ஷெட்டுல போட்டு வச்சிருக்கேன்."

"மீன் வாடையும் இல்ல."

அவன் சிரித்துவிட்டான். கோபத்தோடுதான் சிரித்தான், ஆனாலும் சிரித்தான். "இன்னும் ஏலமே இங்க மாறல, புதுக் கட்டடம். பெயிண்ட் வாடைதான் அடிக்கும். உனக்காக வேணும்னா ஒரு சாளை மீனைச் சட்டைப்பையில வச்சிட்டு வாரேன்."

பிரகாசி வாயை விசிறியால் மூடிக்கொண்டு சிரித்தாள். "நீ வந்ததுல தப்பே இல்ல தாயி. செவுளைத் தூக்கிப் பாக்காம மீனையும் நம்பக் கூடாது, ஆளையும் நம்பக் கூடாது. இந்தக் கட்டடத்தையே நான் இன்னும் நம்பல. டைல்ஸ் போட்டிருக்கான், ஃபேன் போட்டிருக்கான், எல்லாம் உங்களுக்குத்தாம்மாங்கான். நாளைக்கே பெரிய கம்பெனிக்காரன் வந்து, கூடைக்காரிக எல்லாம் வெளிய நில்லுன்னா? நான் கூடையை உள்ள வச்சு, எம்மீன் ஏலம் போகட்டும். அப்ப நம்புறேன். கண்ணுக்குத் தெரியறது பத்தாது, கையை வச்சுப் பாக்கணும்."

ரோஜா முனியராஜின் கையைப் பிடித்து இழுத்து விரலைப் பார்த்தாள். நகக்கண், மணிக்கட்டு எல்லாம் வெள்ளி. சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தலைப்பில் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை.

"போகாது புள்ள. மண்ணெண்ணெயில ஊறப்போட்டுச் சுரண்டினாத்தான் கொஞ்சமாவது போகும். சோப்புக்கெல்லாம் அசையாது. காஞ்சா அவ்வளவுதான், தோலோட தோலு."

"கல்யாணத்துக்குப் போட்ட மருதாணிகூட இம்புட்டு நிக்கல," என்றாள் ரோஜா. சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. பைக்குள் இருந்த துண்டை இன்னும் ஆழத்தில் அமுக்கினாள். அதை விரித்துக் காட்டத்தான் இத்தனை தூரம் வந்தாள். இப்போது அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்தால் அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது.

பிரகாசி கொண்டுவந்த சோற்றையும் ஊளிமீன் குழம்பையும் மூன்று பேரும் கூடத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிரே தூர் வாருகிற மிசின் கடலின் வயிற்றிலிருந்து கறுப்புச் சேற்றை அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ரோஜா ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பஸ் ஏற்றிவிடும்போது முனியராஜ் சொன்னான். "ஆத்தாவைக் கொஞ்சம் பாத்துக்க. ராத்திரி தூக்கத்துல அண்ணன் பேரைச் சொல்லுதா. நீ அசந்து தூங்குற, உனக்குக் கேக்காது. 'எந்தங்கம் பத்த வைக்கல'ன்னு சொல்லுதா."

ரோஜா சரி என்று தலையாட்டினாள்.

பாண்டிச்செல்வம் பீடியைப் பற்ற வைத்ததால்தான் ஷெட் வெடித்தது என்று அந்த முதலாளி போலீசில் சொல்லி, கேசையும் அப்படியே முடித்துவிட்டான். செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்? பாண்டிச்செல்வத்துக்குப் பீடிப் புகை பட்டாலே அடுக்குத் தும்மல் வரும். அது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் வாய் என்ன சொல்கிறது? 'தானும் செத்து, கூட ரெண்டு பேரையும் கொன்னவன்' என்கிறது.

*

கோவில்பட்டி தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. உப்புக்காற்றும் வேர்வையும் பிசுபிசுத்தன. ரோஜா பைக்குள் கையை விட்டு, கையில் வந்ததை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பக்கத்து சீட்டுக்காரி அவளையே பார்த்தாள்.

"ஏம்மா, முகத்துல என்னமோ மினுங்குதே."

ரோஜா கையைப் பார்த்தாள். துண்டு. உள்ளங்கை முழுக்க வெள்ளி. சிரிப்பு வந்தது. எம்மச்சான் பெயிண்ட் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

எச்சில் தொட்டு எம்புட்டுத் தேய்த்தாள்! ஒரு பொட்டு ஒட்டவில்லையே. காய்ந்தால் தோலோடு தோல் என்றானே. சோப்புக்கே அசையாத பெயிண்ட் துண்டில் எப்படி ஒட்டும்? ஒட்டியது திரும்ப அவள் கைக்கு எப்படி வரும்?

மறுபடி தொட்டாள். பொடி. பவுடராகத்தான் வந்தது. மெல்லிசாக, வழுவழுவென்று, விரல் ரேகைக்குள் இறங்குகிற பவுடர். நாலு வருசம் அவள் கையில் இருந்த அதே சாமான். பாவி, காலையிலேயே சரியாகத்தான் கண்டுபிடித்தாள். ஆளைத்தான் தப்பாகப் பிடித்தாள்.

அந்தத் துண்டில் துடைக்கிறது மூன்று பேர். அவன் இல்லை. அவளும் இல்லை.

'குடு, நான் அலசிப் போடுறேன்.'

வாழைப்பழம்.

பஸ் சாத்தூரில் நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினாள். ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கப்பாண்டியன் சம்சாரம் கற்பகவல்லி உரக்கடைப் பையோடு வந்தாள்.

"என்ன ரோசா, இங்கன நிக்க? உங்க அத்தைக்கு மேலுக்கு முடியலையா? ஒரு மாசமாக் காட்டுப் பக்கமே காணோம். களை மண்டிக் கெடக்கு, ஆள் கெடைக்காம நான் லோலோன்னு அலையுதேன்."

ரோஜாவின் நாக்கு தானாகப் பேசியது. "ஆமாக்கா. முட்டு வலி. எந்திரிக்கவே முடியல."

"அடப்பாவமே. பாத்துக்கம்மா. தைலம் எதுவும் வேணும்னா வீட்டுக்கு வா."

காலையில் புருசனைப் பொய்யன் என்று நினைத்துக் கிளம்பியவள், பொழுது சாய்வதற்குள் தானே கூசாமல் பொய் சொல்லிவிட்டு நின்றாள்.

*

வீட்டுக்கு வந்தபோது மேற்கே வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொல்லைப்பக்கம் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்டது. ரோஜா செருப்பைக் கழற்றாமல் அப்படியே போனாள்.

சின்னத்தாய் டிரம்முக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெய், பக்கத்தில் சீயக்காய்த்தூள். முதலில் எண்ணெய், பிறகு சீயக்காய், கடைசியில்தான் சோப்பு. பவுடரை எடுக்க வேறு வழி கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு பேரும் ஒரே வெடி ஆபீசில் இருந்தபோது ரோஜாவுக்கு அந்த முறையைக் கற்றுக்கொடுத்தவளே சின்னத்தாய்தான். காலடியில் ரெண்டு பழத்தோல் கிடந்தது.

ரோஜா பையிலிருந்து துண்டை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

சின்னத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளி. கழுத்து மடிப்பிலும் வெள்ளி.

"அவனைப் பாத்தியா?"

"பாத்தேன். பெயிண்ட்தான் அடிக்காக."

"நாந்தான் காலையிலேயே சொன்னேன்ல."

"அத்தை!" என்றாள் ரோஜா. "எந்த ஷெட்டுக்குப் போறீக?"

"எம். புதுப்பட்டிக்கு அந்தாண்ட. கருவேலங்காட்டுக்குள்ள." ஒளிக்காமல், உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "அதே முதலாளிதான். இப்ப மச்சினன் பேருல நடத்துதான். சீசன்ல ஆள் கெடைக்கல. யார் எவர்னு கேக்காம எடுத்தான். நான் முக்காடு போட்டுட்டுப் போறேன், அவனுக்கு என்னைய அடையாளம் தெரியல."

"செத்தே போவீக. ஏற்கெனவே ஒரு பிள்ளையக் குடுத்தது பத்தாதா? இப்ப நீங்களும் போனா நாங்க என்ன செய்ய?"

"பாண்டிமுருகன்னு ஒருத்தன். அன்னைக்கு எம்மகன் பக்கத்துல நின்னவன், ஒரு காது போயி உசுரு தப்பிச்சவன். அவனும் அங்கனதான் கெடக்கான். போலீஸ் கேட்டப்ப வாயைத் தொறக்கல. முதலாளி முகத்தைப் பாத்தா அவனுக்கு நடுக்கம். ஒரு மாசமா அவன் பக்கத்துலயே உக்காந்து மருந்து சலிக்கேன். சோத்துல பாதியை அவனுக்குக் குடுக்கேன். இன்னைக்குத்தான், இன்னைக்குச் சாயங்காலந்தான், 'அக்கா, அந்தப் பையன் பீடி குடிக்கல'ன்னான்."

காலையில் எதுவுமே ஓடாத சின்னத்தாயின் முகத்தில் இப்போது எல்லாம் ஓடியது.

"யாரு பத்த வச்சான்னு கேட்டேன். சுத்திமுத்தும் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அது அவனுக்குத் தெரியும் ரோசா. இன்னும் ஒரு வாரம், ரெண்டு வாரம். சொல்லிருவான்."

"ஒரு நாளும் கெடையாது. நாளைக்கு நீங்க போகக் கூடாது. கருப்பசாமி முன்னால சத்தியம் இருக்கு அத்தை! சூடம் அணைச்ச சத்தியம்!"

"அணைச்சது யாரு?"

"எல்லாருந்தான்," என்றாள் ரோஜா.

"நல்லா நெனச்சுப் பாரு. மொதல்ல அவன் அணைச்சான். பொறவு நீ அணைச்ச." சின்னத்தாய் எண்ணெயை எடுத்து முழங்கையில் தேய்க்கத் தொடங்கினாள். "நான் தட்டைத்தான் பிடிச்சேன்."

உள்ளே ரோஜாவின் ஃபோன் அடித்தது. சாரத்திலிருந்து இறங்கியிருப்பான். வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான். அவள் எடுக்கத் திரும்பினாள்.

சின்னத்தாய் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவன்கிட்ட என்ன சொல்லப் போற?"

ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. ரோஜா தன் கையைக் குனிந்து பார்த்தாள். அத்தையின் அஞ்சு விரலும் அதில் வெள்ளியாகப் பதிந்திருந்தன.